பொடியெழுத்தும் ஒரு குடும்பப் பயணமும்

பயணக் காப்பீட்டு அலுவலகத்தின் நாலாவது மாடியில், ஜன்னலோர மேஜையில், இருபத்திரண்டு வருடமாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் அவர் பொடியெழுத்து. பாலிசித் தாளின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போல நுணுக்கி நுணுக்கி அச்சடித்திருப்பார்களே, பெற்ற தாய்கூடப் படிக்காத சமாசாரம், அதை அவர் தலைகீழாக ஒப்பிப்பார். வெளியூர் போன இடத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்து, கால் உடைந்து, பெட்டி காணாமல் போய், பணம் கேட்டு விண்ணப்பம் போட்டால் அது அவர் மேஜைக்கு வந்து சேரும். கொடுக்கலாமா கூடாதா என்று சொல்வது அவர் வேலை.

அவர் கொடுக்கவே மாட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது அநியாயம். பத்தில் ஏழுக்கு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவார். ஆனால் மனுஷருக்கு ருசி மீதி மூன்றில்தான். அந்த மூன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பார். டாக்டர்களின் கிறுக்கலைப் படிப்பதில் மருந்துக் கடைக்காரர்களே அவரிடம் தோற்றார்கள். எதிரே வைத்தால் தலைகீழாகவும் படிப்பார். ஆஸ்பத்திரிக் காகிதத்தின் ஏதோ ஒரு மூலையில், 'ஆறு மாதமாகவே இருந்து வந்ததாக நோயாளி கூறுகிறார்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதைக் கண்டதும் பச்சை மைப் பேனாவை எடுத்து அடிக்கோடு போடுவார். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய், படிவத்தில் சொல்லவில்லை, ஆகவே கிடையாது. அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு இரண்டாவது காபியும் குடிப்பார்.

குடும்பத்துக்கு எல்லாம் சேர்த்து ஒரே பாலிசி எடுத்தவர்கள் விஷயத்தில்தான் கொஞ்சம் இழுபறி. கணவன், மனைவி, பிள்ளைகள் என்று நாலு பேருக்கும் ஒருவரே கையெழுத்துப் போடுவதால், மாட்டிக்கொண்டதும் அவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, 'எனக்குத் தெரியாது சார்.' இந்தத் தெரியாதுக்கு முடிவு கட்டப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பொடியெழுத்து ஒரு வாக்கியம் எழுதினார். 'ஒரே கூரையின் கீழ் வாழும் கணவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.' மேலதிகாரி அதைப் படித்துவிட்டு அவர் முதுகில் தட்டினார். மறுநாளே அந்த வாக்கியம் கம்ப்யூட்டரில் ஏறியது. ஒரு பட்டனைத் தட்டினால் கடிதத்தில் வந்து விழும்.

போன வருடம் ஒரு தையல்காரர் நேரிலேயே வந்துவிட்டார். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார். அவர் மனைவிக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்திருக்கிறது, அந்த அம்மாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. "சத்தியமா எனக்குத் தெரியாது சார்" என்று கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொடியெழுத்து அன்று வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னார். "ஊர்ல உள்ளவன் இடுப்பளவெல்லாம் தெரியுமாம், பொண்டாட்டிக்கு என்னன்னு தெரியாதாம்!" என்று முடித்துவிட்டு, சிரிப்பதற்காகக் கொஞ்சம் இடம் விட்டார். மகள் சிரித்தாள். மனைவி குழம்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனாலும் அவரால் சும்மா இருக்க முடியாது. யாராவது வெளிநாடு கிளம்புகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும். "டிக்கெட் எப்ப எடுத்தீங்க? பாலிசி எப்ப எடுத்தீங்க?" இரண்டு தேதிக்கும் நடுவில் ஒரு வாரம் இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "கிளம்புறதுக்கு முந்தின நாள் எடுத்தாப் போதும்னு எவன் சொன்னான்? டிக்கெட்டுக்குப் பணம் கட்டுற அன்னைக்கே எடுக்கணும். அன்னைலேருந்தே அது உங்களுக்குக் காவல். போறதுக்குள்ள பிள்ளைக்கு அம்மை போட்டுப் பயணம் ரத்தாச்சுன்னா, டிக்கெட் காசும் ஓட்டல் காசும் திரும்பி வரும். அம்மை போட்டப்புறம் வந்து பாலிசி குடுன்னு கேட்டா, நாங்க என்ன காதுல பூ வச்சிட்டா உக்காந்திருக்கோம்?" ஆஸ்பத்திரிச் செலவு, படுத்த படுக்கையாகத் திரும்ப வரும் செலவு, தொலைந்த பெட்டி, தாமதமான விமானம் என்று எதற்கெல்லாம் கிடைக்கும் என்று விரல் விட்டு எண்ணுவார். எதற்கெல்லாம் கிடைக்காது என்று ஆரம்பித்தால் விரல்கள் போதாது. அதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவர் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று எழுந்து போயிருப்பார்.

இத்தனை பேரை வழியனுப்பிய அவர் குடும்பம் மட்டும் எங்கேயும் போனதில்லை. மனைவியின் தங்கை கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்ப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. அக்காளும் தங்கையும் போனில் முகம் பார்த்துக்கொள்வதோடு சரி. இரண்டு தடவை போகலாம் என்று எல்லாம் கூடி வந்தது. முதல் தடவை மகளுக்குத் தொண்டையில் சதை வளர்ந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. படிவத்தில், 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஏதேனும் சிகிச்சை பெற்றதுண்டா?' என்று ஒரு கேள்வி உண்டு. பொடியெழுத்து, "ஒரு வருஷம் போகட்டும், படிவம் சுத்தமாயிடும்" என்றார். அடுத்த தடவை அவருக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது, பத்து நாள் சிகிச்சை. இன்னொரு வருடம் போயிற்று. உள்ளதைச் சொல்லி, கூடக் கொஞ்சம் பணம் கட்டினால் அந்த நோய்க்கும் சேர்த்தே பாலிசி கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? நாள் தவறாமல் அதைத்தான் போனில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் தன் வீட்டுப் படிவத்தில் 'ஆம்' என்று ஒரே ஒரு கட்டத்தில் விழுவதைக்கூட அவரால் தாங்க முடியவில்லை. அதை என்னவென்று சொல்வது, தொழில் கௌரவம் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது தடவை ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு டிக்கெட்டுக்குப் பணம் கட்டினார். பதினொன்று பத்துக்குப் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மனைவியும் பதினாறு வயது மகளும் எதிரே உட்கார வேண்டும் என்பது உத்தரவு.

"வலிப்பு?"

"இல்ல" என்றாள் மனைவி.

"ஆஸ்துமா?"

"அப்பா, எங்களைப் பாத்தா உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் மகள்.

"தெரிஞ்சதைப் போட முடியாது. கேட்டுத்தான் போடணும். நெஞ்சுவலி, மூச்சு வாங்குறது, அதுக்காக டாக்டரைப் பாத்தது?"

அடுப்பில் பால் பொங்கும் நேரம். மனைவி எழுந்து போய் அதை அணைத்தாள். சமையலறையிலிருந்தே, "இல்லன்னு போடுங்க" என்றாள். பொடியெழுத்து போட்டார். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்து, நகத்தைக் கடித்தாள். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டிருந்தார். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை'. படிவம் பால் போல இருந்தது. பூரித்துப் போய் அதைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடைகண்ணிக்குப் போய் வரும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் மனைவி கொஞ்ச நாளாக நின்றுவிடுவாள். கைப்பையைத் திறந்து சாவி தேடுவாள். பொடியெழுத்து மேலே போய்த் தன் சாவியால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒரு சாவியைத் தேட இவ்வளவு நேரமா?" என்று குரல் கொடுப்பார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக் கணக்காக. கடைசியில் அவருக்கே பாவமாக இருந்து, அவள் பிறந்தநாளுக்குக் கோலிக்குண்டு அளவில் மணி வைத்த சாவிக்கொத்து ஒன்று வாங்கிக் கொடுத்தார். பைக்குள் கையை விட்டால் மணி அடிக்கும், சாவி கிடைத்துவிடும். அவள் அதை வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் அவரையே பார்த்தாள். பரிசு பிடித்துப் போயிற்று என்று அவர் நினைத்தார். அதற்குப் பிறகும் அவள் நின்றாள், தேடினாள், மணி அடித்தது, அப்போதும் தேடினாள்.

பயணம் தடபுடலாகத்தான் ஆரம்பித்தது. போய் இறங்கியதும் பெட்டி ஒன்று வரவில்லை. மனைவிக்கு முகம் வாடிவிட்டது. பொடியெழுத்துக்கு வாயெல்லாம் பல். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பாலிசியில் பணம் உண்டு. விமான நிலையத்துச் சிப்பந்தியிடம் வரிசையில் நின்று, தாமதத்துக்குச் சாட்சியாக ஒரு சீட்டு எழுதி வாங்கி, அதை மடிக்காமல் கோப்பில் வைத்துக்கொண்டார். பெட்டி பத்து மணி நேரத்தில் வந்துவிடுமோ என்று அவர் கவலைப்பட்டதை மகள் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாள். நல்லவேளை, பதினான்கு மணி நேரம் ஆயிற்று.

அக்காளும் தங்கையும் வாசலில் கட்டிக்கொண்டு அழுததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பதினோரு வருடம் பார்க்காதவர்கள் அழத்தான் செய்வார்கள். ஐந்து நாள் அந்த வீட்டில் பேச்சு ஓயவில்லை. பொடியெழுத்து மட்டும் மனைவியின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு எங்கே போனாலும் காவல் காத்தார். கண் பார்வையில் இல்லாத பை தொலைந்தால் பாலிசியில் செல்லாது. "என்கிட்டயே இருக்கட்டுங்க" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். "நீ பேச்சு வாக்குல எங்கயாவது வச்சிட்டு வந்துடுவே" என்று அவர் தரவில்லை.

ஆறாம் நாள் துறைமுகத்தைப் பார்க்கிற மேட்டுப் பூங்காவுக்குப் போனார்கள். நூற்றுச் சொச்சம் படி. தங்கை முன்னால் போனாள், பொடியெழுத்து அவளுக்குப் பின்னால், மகள் அம்மாவோடு. பாதிப் படியில் மனைவி நின்றாள்.

"என்னங்க, பையைக் குடுங்க."

இருபது படி மேலேயிருந்து அவர் திரும்பினார். "எதுக்கு?"

"குடுங்களேன்."

"இங்க என்ன சாவி வேண்டிக்கிடக்கு? ஏறி வா, மேல வந்து தேடலாம்."

அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். முகம் முழுக்க வேர்த்திருந்தது. "அப்பா!" என்று மகள் போட்ட கூச்சலில் பூங்காவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு வாலிபன். பரபரப்பில்லாமல் வேகமாக வேலை செய்தான். அவன் பாஷையில் கேட்டதைத் தங்கை தமிழில் சொன்னாள். "அக்கா, இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கான்னு கேக்கறார். மாத்திரை ஏதாவது சாப்பிடறியாங்கறார். அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் மருந்து ஏத்தணுமாம்."

மனைவி டாக்டரைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் பையோடு நின்ற புருஷனைப் பார்த்தாள். "இல்ல. இன்னைக்குத்தான்" என்றாள், பாடம் ஒப்பிக்கிற குரலில்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் அவர் சொன்ன கதைகளில் எல்லாம் டாக்டரிடம் உண்மையைச் சொன்னவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். இருபது வருடம் அதைக் கேட்டவள், நெஞ்சைக் கையால் அமுக்கிக்கொண்டு, அவருடைய கிளெய்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

தங்கை உதட்டைக் கடித்தாள், மொழிபெயர்க்கவில்லை. மகள், "வேணாம்மா, சொல்லிடும்மா" என்று விசும்பினாள். பொடியெழுத்து மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூவருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு கை தன் தொழிலைத் தானே செய்தது. கைப்பையைத் திறந்தார். மணி அடித்தது. சாவிக்கொத்தை ஒதுக்கிவிட்டு உள் ஜிப்பை இழுத்தார். பத்து மாத்திரை அட்டையில் நாலு மிச்சம் இருந்தது. அதைச் சுற்றி நாலாக மடித்த ஒரு சீட்டு, அவர்கள் தெருமுனை கிளினிக்கினுடையது. தேதி, அவர் படிவத்தில் 'இல்லை' போட்டதற்கு ஐந்து மாதம் முந்தியது. மற்றவர்கள் விஷயத்தில் இப்படி ஒரு சீட்டைத் தேடி அவர் மாதக் கணக்கில் கடிதம் எழுதியிருக்கிறார். இது அவர் தோளிலேயே ஆறு நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இதற்கு எவ்வளவு ஆகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த அறையில் இல்லை. மகளின் மேல்படிப்புக்கு என்று சேர்த்து வைத்தது அப்படியே போகும். சீட்டு பைக்குள்ளேயே இருந்தால் போகாது.

"என்னங்க, அதை உள்ள வைங்க" என்றாள் மனைவி மெதுவாக. "கிளெய்ம் போயிடும்."

"போகட்டும்" என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியாமல் கிழிந்து வந்தது. "கிளெய்மை இங்க எவன் கேட்டான்?" அட்டையையும் சீட்டையும் டாக்டர் கையில் வைத்தார். டாக்டர் அதைப் பார்த்து, தலையசைத்து, ஆங்கிலத்தில் எழுதினான். எதிரே நின்ற பொடியெழுத்து அதைத் தலைகீழாகவே படித்தார். 'பல மாதங்களாகவே.' அடிக்கோடு போடக் கையில் பேனா இல்லை, அது ஒன்றுதான் குறை.

இரத்தக் குழாயில் அடைப்பு. அன்றே எடுத்தார்கள். மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆயிரம் பேரைக் கேட்ட கேள்வியை, கேட்கத் தெரியாதவர் போலக் கேட்டார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"கட்டத்துல ஆம்னு போட்டு, கூடக் கொஞ்சம் கட்டியிருப்பேன்."

"பொய் சொல்லாதீங்க. மாத்திரையை நிறுத்தி ஒரு வருஷம் ஆகட்டும், படிவம் சுத்தமாகட்டும்னு தள்ளிப் போட்டிருப்பீங்க. கிளினிக் டாக்டர் இந்த மாத்திரையை நிறுத்தவே கூடாதுன்னுட்டார். நான் எந்த ஜென்மத்துல என் தங்கச்சியைப் பாக்கறது?"

அவருக்கு அழுகை வந்தது, அழுதார். பக்கத்துக் கட்டில்காரர் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் விதிப்படி விண்ணப்பம் போட்டார். சொந்த விஷயத்தில் தானே முடிவு சொல்லக்கூடாது என்பதால் கோப்பு பக்கத்து மேஜைப் பெண்ணிடம் போயிற்று. விளக்கம் எழுதும் இடத்தில் 'எனக்குத் தெரியாது' என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தார். மூன்றும் அவர் இத்தனை வருடமாகக் கிழித்துப் போட்ட கடிதங்களைப் போலவே இருந்தன. கடைசியில் நாலாவதாகவும் அதையே எழுதிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் கோப்போடு வந்து நின்றாள். "சார், நீங்க தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. நான் நம்பறேன். என்ன பண்ணட்டும்?"

"இதுவே வேற ஆளா இருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் தயங்கினாள். "பட்டனைத் தட்டுவீங்க."

"அப்புறம் என்ன? தட்டு."

அவள் போனதும் அலமாரியைத் திறந்து தையல்காரரின் கோப்பை எடுத்தார். 'சத்தியமாக எனக்குத் தெரியாது' என்று அந்த மனிதர் கோணல் கையெழுத்தில் எழுதியிருந்த வரிக்குக் கீழே பச்சை மையில் அடிக்கோடு இருந்தது. ஓரத்தில் ஒரு ஆச்சரியக்குறி வேறு. மேல்முறையீடு செய்யும் காலமும் தாண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு. அன்று மாலை வரை இரண்டாவது காபி குடிக்கவில்லை.

கடிதம் வந்த அன்று கணவனும் மனைவியும் வெளியே போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கீழே தபால் பெட்டியிலிருந்து உறையை எடுத்தது அவள்தான். மெதுவாகப் படியேற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் வழக்கம் போல நின்றாள். இந்தத் தடவை அவரும் நின்றார். அவள் உறையைப் பிரித்து, மூச்சு வாங்கிக்கொண்டே வாய்விட்டுப் படித்தாள்.

"பெட்டி தாமதத்துக்கு உண்டாம்" என்றாள்.

"ம்."

"ஆஸ்பத்திரிக்கு இல்லையாம்."

"ம்."

"வருத்தத்துடன் தெரிவிச்சுக்கறாங்களாம்." இன்னும் கொஞ்சம் கீழே போனாள். அங்கே நிறுத்திவிட்டு, ஒரு தடவை மனசுக்குள் படித்து, மறுபடி வாய்விட்டுப் படித்தாள். "ஒரே கூரையின் கீழ் வாழும் கணவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை." அவள் தலை தூக்கினாள். "இதை எழுதினது அந்தப் பொண்ணா?"

"இல்ல. நான்தான். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

அவள் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். உள்ளே மணி அடித்தது.

"அப்பவே உங்களுக்கு உங்களைப் பத்தி ரொம்ப உசத்தியான நெனப்புதான்" என்றாள்.

அவர் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி, அது நிதானமாகும் வரை நின்றார்.